ஆச்சிமார் இரத்தத்தைப் பொய்ச்சாட்சிக்கு இழுக்காதீர்கள்

கீரை விளைகிற ஊருக்கு ஃபோலிக் மாத்திரை எதற்கு என்று கடையநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார் ஒரு மரபு வாழ்வியல் பேச்சாளர். கேள்வியோடு நின்றிருந்தால் நல்ல கேள்வி என்றே எடுத்துக்கொண்டிருப்பேன். அவர் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையைக் குப்பையில் போடச் சொன்னார். கல்யாணமான பெண்கள் உண்டான பிறகு கீரை தின்றால் போதும், அதற்கு முன்னால் எதுவும் வேண்டாம் என்றார். செயற்கை ஃபோலிக் இரத்தத்தில் தேங்கி, இருபது வருடம் கழித்துப் புற்றுநோயாகவும் சர்க்கரையாகவும் வெளியே வரும் என்றார். ரேஷன் அரிசியில் கலப்பதும் அதே விஷம்தானாம். பால், முட்டை, கறி மூன்றும் விஷப் பட்டியலில் சேர்ந்தன. இவ்வளவுக்கும் அவர் காட்டிய ஆதாரம் நம் ஆச்சிமார். பத்துப் பெற்றார்கள், ஒரு மாத்திரை கண்டதில்லை, கடைசிவரை இரத்தம் சுத்தமாக இருந்தது என்றார். மண்டபம் கைதட்டியது. வீட்டுக்கு வந்து மாத்திரையை நிறுத்திய பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆச்சிமாரிடமிருந்தே தொடங்க வேண்டும், பெரிய அநியாயம் அங்கேதான் நடந்திருக்கிறது. அந்த மாத்திரையில் ஃபோலிக் அமிலமாக இருக்கும் ஃபோலேட் என்று ஒரு சத்து உண்டு என்பது உலகத்துக்குத் தெரிய வந்ததே நம் ஆச்சிமார் இரத்தம் கெட்டுக் கிடந்ததால்தான்.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். பிள்ளைப்பேற்றில் ஏன் இத்தனை பெண்கள் சாகிறார்கள் என்று ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. அதற்கு அவரை அழைத்தவர் மார்கரெட் பால்ஃபோர் என்ற இன்னொரு மருத்துவர். ஹாஃப்கின் நிறுவனத்தில் இருந்துகொண்டு பம்பாயின் ஏழைப் பெண்களை, குறிப்பாகப் பஞ்சாலை வேலைக்குப் போன பெண்களை, வில்ஸ் சோதித்தார். கர்ப்பிணிகள் வெளிறி, மூச்சு வாங்கி, எழுந்து நடக்கத் திராணியில்லாமல் வந்தார்கள். அவர்கள் இரத்தத்தில் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் சொற்பம். இருந்தவையோ முதிராமல் அளவுமீறி ஊதியிருந்தன. 1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அவர் அந்த வேலையைத் தொடர்ந்தது குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில். ராபர்ட் மெக்காரிசன் அங்கே உணவு ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்த காலம். 1931இன் தொடக்கத்தில் சென்னையில், கோஷா ஆஸ்பத்திரியில் இருந்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி பெயரைத் தாங்கி நிற்கும் அந்த மருத்துவமனை, கோஷா என்னும் திரைமறைவு காத்த பெண்களுக்காகத் தொடங்கப்பட்டது. நம் ஊர்ப் பெண்களைப் போன்றவர்கள்தான் அந்தக் கட்டில்களில் கிடந்தார்கள்.

அந்தப் பெண்களை எழுப்பி உட்காரவைத்தது என்ன தெரியுமா? மார்மைட். ரொட்டியில் தடவித் தின்ன இங்கிலாந்தில் விற்ற மலிவான ஈஸ்ட் சாறு. முதலில் குரங்குக்குக் கொடுத்துப் பார்த்தார் வில்ஸ். பிறகு கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். சில நாட்களிலேயே இரத்தத்தில் புதிய சிவப்பணுக்கள் தலைகாட்டின. 1931இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அதை எழுதினார். சாற்றில் இருந்த பொருள் எதுவென்று தெரியாததால் பல வருடங்கள் அதை ‘வில்ஸ் காரணி’ என்றே அழைத்தார்கள். 1941இல் அமெரிக்காவில் டன் கணக்கில் பாலக் கீரையை அரைத்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த சில வருடங்களில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அதைச் செயற்கையாக உருவாக்கினார்கள். அந்த ஆய்வுகளுக்குத் தலைமை தாங்கியவர் எல்லப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஆக, பேச்சாளர் ‘அந்நியச் சரக்கு’ என்று தூக்கியெறியச் சொன்ன மாத்திரை, சென்னையிலும் பம்பாயிலும் செத்துக்கொண்டிருந்த பெண்களின் இரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, சென்னையில் மருத்துவம் படித்தவர் தலைமையில் ஆய்வுக்கூடத்தில் உருவானது. 

இரத்தம் சுத்தமாக இருந்ததாம். 1931இல் கோஷா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவள் யாருடைய ஆச்சி?

பத்துப் பெற்றாள் என்பது உண்மை. பத்தில் எத்தனை தங்கியது என்று அவர் கேட்டாரா? பெற்றுப் பிழைத்த ஆச்சிகளின் பேரப்பிள்ளைகள்தான் மண்டபத்தில் உட்கார்ந்து கைதட்ட முடியும். மூன்றாவது பிரசவத்தில் போய்ச் சேர்ந்தவளின் வம்சம் கைதட்ட வரவில்லை. மண்டையோடு மூடாமல் பிறந்த பிள்ளையை அந்தக் காலத்தில் யாரும் கணக்கில் எழுதவில்லை. துணியில் சுற்றி, தாயிடம்கூடக் காட்டாமல் அடக்கம் செய்தார்கள். முதுகில் பைபோலத் தொங்கலோடு பிறந்த பிள்ளை சில வாரம் இருந்து போனது. பழி தாயின் மேல் விழுந்தது. கிரகணத்தில் வெளியே போனாள், உச்சிப்பொழுதில் வாசலில் நின்றாள், கண்ணேறு பட்டது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்தப் பழியைச் சுமந்துகொண்டே வாழ்ந்து முடித்த பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள். அவர்களைத்தான் இந்த மனிதர் தனக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறார். மேடையில் பேசியதில் வேறு எதை மன்னித்தாலும் இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், 1000 பிறப்புக்கு நாலைந்து பிள்ளைகள் இந்தக் குறையோடு பிறப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இது பழங்கதை இல்லை.

கீரைக்கு வருவோம். கீரையை நான் குறைத்துப் பேசப்போவதில்லை. முருங்கை, அகத்தி, சிறுகீரை, தண்டங்கீரை எல்லாவற்றிலும் ஃபோலேட் இருக்கிறது. பயறு வகைகளில் இருக்கிறது. ஆட்டு ஈரலில் நிறையவே இருக்கிறது. ஆனால் அது தண்ணீரில் கரையும், சூட்டில் சிதையும். கீரையைத் தண்ணீரில் வேகவைத்தால் ஏறக்குறைய பாதி போய்விடும் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். கொதிக்க வைத்து நீரை வடித்துக் கொட்டுகிற அடுப்படியில் மிச்சம் எவ்வளவு? தட்டுக்கு வருவதிலும் உடல் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. இயற்கை ஃபோலேட்டைவிட மாத்திரையிலுள்ள ஃபோலிக் அமிலத்தைக் குடல் அதிகமாக உறிஞ்சுகிறது. இது இயற்கைக்கு அவமானம் ஒன்றுமில்லை, அந்த மூலக்கூறின் அமைப்பு அப்படி.

அதைவிட முக்கியமாக, அந்தக் கீரையை யார் சாப்பிடுகிறார்? விடிந்ததும் மடியில் பீடித்தட்டை எடுத்துவைத்தால் கணக்கு முடியும்வரை எழுந்திருக்காத பெண்கள் தென்காசி மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிடுகிறவள் அவள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பெரும்பங்கு இரும்புக் குறைவு, ஃபோலேட்டும் பி12ம் அதோடு சேர்ந்தே குறைகின்றன. 2016–18இல் நாடு முழுவதும் பிள்ளைகளின் இரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது வளரிளம் பருவத்தினரில் நூற்றுக்கு 37 பேருக்கு ஃபோலேட் குறைவு. குற்றாலச் சாரலில் நனைகிற மண் என்பதால் இங்கே இரத்தம் வேறு மாதிரி ஓடுகிறது என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை.

அடுத்தது தேதிக் கணக்கு. ‘உண்டான பிறகு கீரை தின்றால் போதும்’ என்ற ஒற்றை வரிதான் அவர் பேச்சிலேயே ஆபத்தான வரி. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கரு தரித்த 28ஆம் நாளுக்குள் குழந்தையின் நரம்புக்குழல் மூடிவிடும். மேல்முனை மூளையாகிறது, கீழே முதுகுத்தண்டாகிறது. மேலே மூடாவிட்டால் மண்டையோடு இல்லாத பிள்ளை, கீழே மூடாவிட்டால் முதுகுத்தண்டுப் பிளவு. கரு தரித்து ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துத்தான் தீட்டு தள்ளிப்போனதே தெரியும். ‘வெயிலுக்குத் தள்ளிப்போயிருக்கும்’ என்று இன்னும் ஒரு வாரம் பார்ப்பாள். மாமியாரிடம் சொல்லி, மருந்துக்கடையில் பரிசோதனை அட்டை வாங்கி, டாக்டரிடம் போகும்போது இரண்டு மாதம் ஆகியிருக்கும். குழல் மூட வேண்டிய நாள் எப்போதோ கடந்துபோயிருக்கும். அதற்கப்புறம் இந்த மலையடிவாரத்துக் கீரை அத்தனையையும் தின்றாலும் மூடாத குழல் மூடாது.

இரத்தத்தின் கணக்கும் இதையே சொல்கிறது. ஃபோலேட்டை இரண்டு விதமாக அளக்கிறார்கள். இரத்தத்தின் தெளிந்த நீரில் அளந்தால் அண்மையில் சாப்பிட்டது தெரியும். சிவப்பணுவுக்குள் அளந்தால் மூன்று நாலு மாதத்துச் சாப்பாடு தெரியும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது அதற்கு எவ்வளவு ஃபோலேட் கிடைத்ததோ அதைத்தான் சாகும்வரை சுமக்கிறது. ஆகவே உடலின் கையிருப்பை உயர்த்த வாரங்கள் ஆகும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் எல்லை வகுத்தது. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணின் சிவப்பணுக்களில் ஒரு மில்லிலிட்டருக்கு 400 நானோகிராம் ஃபோலேட் இருந்தால்தான் நரம்புக்குழல் குறைக்கு எதிரான பாதுகாப்பு பெரிதும் கிடைக்கும். இரத்தசோகைக்கு வைத்திருக்கும் எல்லை அதில் கால்பங்கு, வெறும் 100. அதாவது இரத்தசோகை இல்லாத, நன்றாக ஓடியாடி வேலை செய்கிற, ‘எனக்கு என்ன குறை’ என்கிற பெண்ணுக்கும் பிள்ளையின் முதுகுத்தண்டுக்கு வேண்டிய அளவு இல்லாமல் இருக்கலாம். நமக்குப் பக்கத்தில் ஆந்திராவின் சித்தூர்ப் பகுதிக் கிராமப் பெண்களைச் சோதித்தபோது ஏறக்குறைய ஐந்தில் நாலு பேர் போதுமான அளவுக்குக் கீழே இருந்தார்கள். பாதிப் பேருக்குப் பி12 குறைவு. அந்த ஊர்களிலும் கீரை விளைகிறது.

மாத்திரை இதைத் தடுக்குமா என்ற கேள்விக்கு 1991லேயே பதில் கிடைத்துவிட்டது. ஏற்கெனவே ஒரு பிள்ளையை இந்தக் குறையோடு பெற்ற பெண்களுக்கு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்தது பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். ஏழு நாடுகளில் நடந்த அந்தச் சோதனையில் குறை திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்தது. அடுத்த வருடமே ஹங்கேரியில், முதல் பிள்ளைக்கும் இது பலிக்கிறது என்று காட்டினார்கள். 1998இல் அமெரிக்கா தானிய மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. வருடத்துக்கு ஏறத்தாழ 1300 பிள்ளைகள் இந்தக் குறையிலிருந்து தப்புகிறார்கள் என்பது அங்கே போட்ட கணக்கு.

அமெரிக்கா தூரம் என்றால் வளைகுடாவைப் பாருங்கள். கடையநல்லூரில் அங்கே ஆள் இல்லாத வீடு எத்தனை? ஓமன் 1996லிருந்து கோதுமை மாவில் இரும்போடு ஃபோலிக் அமிலம் சேர்க்கிறது. முதுகுத்தண்டுப் பிளவோடு பிறக்கும் பிள்ளைகள் அங்கே பெருமளவு குறைந்தார்கள். சவூதியும் குவைத்தும் பஹ்ரைனும் பின்னால் வந்தன. நம் ஊர் ஆண்கள் அங்கே காலையில் பிய்த்துத் தின்கிற குப்பூஸில் இந்தச் சத்து இருக்கிறது. கருவைச் சுமக்கப்போகிற பெண் இங்கே இருக்கிறாள். அவளிடம் அதைக் குப்பையில் போடு என்கிறார் பேச்சாளர்.

நம் ஊருக்கு இதில் ஒரு சௌகரியமும் உண்டு. கணவன் விடுப்பில் வரும் தேதி மாதங்களுக்கு முன்பே தெரியும். டிக்கெட் போட்டாயிற்று என்று செய்தி வந்த அன்றே மாத்திரையைத் தொடங்கினால், அவன் வந்து இறங்கும்போது மனைவியின் சிவப்பணுக்கள் தயாராக இருக்கும். விடுப்பு முடிந்து அவன் விமானம் ஏறிய பிறகுதான் பல வீடுகளில் விஷயமே தெரியவரும். அப்போது தொடங்குவது பிந்தித் தொடங்குவது.

இனி, இருபது வருடம் கழித்து வருமாம் என்ற புற்றுநோய். இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து ஃபோலேட்டைத் தடுக்கிறது, ஆகவே ஃபோலேட்தான் புற்றுநோயை உண்டாக்குகிறது என்றார். முதல் பாதி உண்மை. அதைச் செய்ததும் சுப்பாராவின் கூடம்தான். அங்கே உருவான ஃபோலேட் எதிர்ப்பு மருந்தை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 1947இல் இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்து, நோயைத் தற்காலிகமாக அடக்கிக் காட்டினார். செல் பிரிய டி.என்.ஏ வேண்டும், டி.என்.ஏ உருவாக ஃபோலேட் வேண்டும். புற்றுச்செல்லுக்கும் வேண்டும், கருவின் செல்லுக்கும் வேண்டும். கருப்பாநதிக் கால்வாயில் தண்ணீர் விட்டால் களையும்தான் வளர்கிறது. அதற்காக வயலுக்குத் தண்ணீரே பாய்ச்சாதே என்று எந்த விவசாயியிடமாவது இவர் சொல்வாரா? அந்த ஃபோலேட் எதிர்ப்பு மருந்தைக் கர்ப்பிணிக்குத் தந்தால் குழந்தை ஊனமாகும், கருவே கலையும். ஃபோலேட்டை மறுத்தால் கருவுக்கு என்ன ஆகும் என்பதற்கு அதுவே கொடூரமான சாட்சி.

புற்றுநோய்க் கேள்வியை விஞ்ஞானிகள் மூடி மறைக்கவில்லை. பெருங்குடலில் ஏற்கெனவே கட்டி வந்தவர்களுக்குத் தினம் 1 மில்லிகிராம் வீதம் வருடக்கணக்கில் கொடுத்த ஓர் ஆய்வில், சிலருக்குப் பல கட்டிகள் கூடுதலாக வந்ததாக 2007இல் வெளிப்படையாகவே எழுதினார்கள். அதனால்தான் எல்லாச் சோதனைகளையும் சேர்த்து, கிட்டத்தட்ட 50,000 பேரின் விவரத்தை அலசினார்கள். 2013இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. சராசரியாக ஐந்து வருடம் மாத்திரை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் புற்றுநோயில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றில் கொடுத்த அளவு ஒரு பெண்ணுக்குப் பரிந்துரைக்கும் 400 மைக்ரோகிராமைவிடப் பல மடங்கு. பேச்சாளர் 2007இல் நின்றுவிட்டார். 2013வரை வந்தால் மேடையில் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது.

சர்க்கரைக்கு அவர் காட்டியது புனே ஆய்வு. இங்கே அவர் செய்தது அறியாமை இல்லை, பாதியை வெட்டி எடுத்தது. புனேக்கு அருகே கிராமத்துத் தாய்மார்களையும் பிள்ளைகளையும் கே.ஈ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக் குழு 1990களிலிருந்து பின்தொடர்கிறது. 2008இல் அவர்கள் சொன்னது இது: கர்ப்பகாலத்தில் ஃபோலேட் அதிகமாகவும் பி12 குறைவாகவும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை கூடுதலாக இருந்தது. ‘பி12 குறைவாகவும்’ என்ற சொற்களை மேடையில் விழுங்கிவிட்டார். அந்தத் தாய்மாரில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானவர்களுக்குப் பி12 போதவில்லை. இரண்டு சத்தும் சேர்ந்தே வேலை செய்பவை. ஒன்று இல்லாமல் மற்றது மட்டும் ஏறினால் சிக்கல் வரலாம் என்பதுதான் அந்த ஆய்வு தரும் எச்சரிக்கை. யாக்னிக் குழு அதிலிருந்து போன வழி, பெண்களுக்குப் பி12 கொடுத்துப் பார்ப்பது. ஃபோலேட்டை நிறுத்துங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை.

பி12 எதில் இருக்கிறது? கறியில், ஈரலில், மீனில், முட்டையில், பாலில். கீரையில் இல்லை, சிறுதானியத்தில் இல்லை. அதாவது, எந்தக் குறையைக் காட்டி ஃபோலேட்டைக் குற்றம் சாட்டினாரோ அந்தக் குறையை உண்டாக்கும் உணவுமுறையைத்தான் அதே மேடையில் போதித்தார். கறியும் முட்டையும் இந்த ஊரில் அன்றாட உணவு. அவர் சொன்னதைக் கேட்டு ஒரு பெண் பாலையும் முட்டையையும் கறியையும் நிறுத்திக் கீரை மட்டும் தின்றால், மூன்று நாலு வருடத்தில் அவள் இரத்தம் புனே ஆய்வு அஞ்சிய இரத்தமாகவே ஆகும். மாத்திரை தேவைப்படாமலே ஆகும். இதைவிடப் பொறுப்பில்லாத அறிவுரை எனக்குத் தெரியாது.

ஃபோலேட் எல்லா நோயையும் தீர்க்கும் என்று விற்கிறவர்கள் பக்கமும் நான் நிற்கவில்லை. அது ஹோமோசிஸ்டீன் என்ற பொருளை இரத்தத்தில் குறைக்கும், ஆகவே மாரடைப்பைத் தடுக்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 2006இல் கனடாவிலும் நார்வேயிலும் நடத்திய பெரிய சோதனைகள் வெளிவந்தன. ஹோமோசிஸ்டீன் இறங்கியது, மாரடைப்பு குறையவில்லை. நம்பிக்கை அதோடு முடிந்தது. பக்கவாதத்தின் கதை வேறு. மாவில் ஃபோலிக் அமிலம் சேர்க்காத சீனாவில், இரத்தக் கொதிப்புள்ள 20,000 பேருக்கு மேல் சேர்த்து நாலரை வருடம் நடத்திய சோதனையின் முடிவு 2015இல் வந்தது. கொதிப்பு மாத்திரை மட்டும் எடுத்தவர்களைவிட, அதோடு 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் எடுத்தவர்களுக்கு முதல் பக்கவாதம் 21 சதவீதம் குறைவு. இரத்தத்தில் ஃபோலேட் ஏற்கெனவே நிறைந்திருப்பவர்களுக்கு மேலும் கொடுப்பதில் பலன் இல்லை, குறைந்திருப்பவர்களுக்கு உண்டு. பிற்கால ஆரோக்கியத்துக்கும் இந்தச் சத்துக்கும் உள்ள உறவு இப்படித்தான் இருக்கிறது. குறைந்திருப்பவர்கள் எந்தப் பக்கம் அதிகம் என்பதை மேலே சொன்ன எண்களே காட்டுகின்றன.

ரேஷன் அரிசியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தண்ணீரில் மிதக்கிற அந்த அரிசி பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு சத்துக்களைச் சேர்த்துப் பிசைந்து அரிசி வடிவில் பிழிந்தது. நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி ஒரு கிலோ அரிசியில் ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம். ஒரு நாளைக்குக் கால் கிலோ அரிசி சமைத்து ஒருவரே சாப்பிட்டாலும் கிடைப்பது சுமார் 25. தினம் 1000 மைக்ரோகிராம் என்ற பாதுகாப்பு எல்லையைத் தொட வேண்டுமானால் ஒரே ஆள் நாளொன்றுக்குக் குறைந்தது எட்டுக் கிலோ அரிசி சமைத்துச் சாப்பிட வேண்டும். விஷம் என்று சொல்வதற்கு முன் இந்தப் பெருக்கலையாவது போட்டுப் பார்த்திருக்கலாம்.

அரசைத் திட்ட ஆசைப்பட்டிருந்தால் திட்ட வேண்டிய இடங்கள் கண்முன்னே கிடக்கின்றன. பள்ளி நீல மாத்திரையில் வாரத்துக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. இரும்புக்கு அது சரி. நரம்புக்குழல் பாதுகாப்பையும் சேர்த்து நினைத்தால் வாரம் 2.8 மில்லிகிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுதான் கூட நாம் கொடுக்கிறோம். மாத்திரையில் பி12 இல்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியிலிருந்து தினசரி இரும்பு மாத்திரைவரை அத்தனையும் கர்ப்பத்தைப் பதிவு செய்த பிறகே தொடங்குகின்றன. 28ஆம் நாள் அதற்கு வெகு முன்னால் போய்விடுகிறது. கர்ப்பத்துக்கு முன்பே தினம் 400 மைக்ரோகிராம் என்று இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின் வழிகாட்டுதலில் எழுதியிருக்கிறது, ஆனால் அதைப் புதுப்பெண்ணின் கையில் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை. நிக்காஹ் பதிவேட்டில் பெயர் எழுதும் பள்ளிவாசலும், கல்யாணம் பதிகிற கோயிலும் தேவாலயமும் நினைத்தால் அன்றைக்கே ஓர் அட்டை மாத்திரையைக் கையில் கொடுத்துவிடலாம். இதைக் கேட்டு அவர் கத்தியிருந்தால் நானும் கூட நின்று கத்தியிருப்பேன். அவரோ இருக்கிற அரைகுறையையும் பிடுங்கச் சொல்கிறார்.

ஒரே ஓர் இடத்தில் அவரோடு ஒத்துப்போகிறேன்: ஃபோலேட் இரத்தப் பரிசோதனை வேண்டாம் என்கிற இடத்தில். ஆரோக்கியமான பெண் மாத்திரை தொடங்க இரத்தத்தில் ஃபோலேட் அளவு பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள்.

கூட்டத்துக்குப் போய் வந்து மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு: நிறுத்தியதற்காக மனம் நொந்து உட்கார வேண்டாம், இன்றே தொடங்குங்கள். பிள்ளைக்குத் தயாராகும் பெண்ணுக்குத் தினம் 400 மைக்ரோகிராம் போதும். கடையில் கேட்காமல் வாங்கினால் 5 மில்லிகிராம் மாத்திரையைத்தான் பெரும்பாலும் நீட்டுவார்கள். அளவைச் சொல்லிக் கேளுங்கள். முன்பு ஒரு பிள்ளை இந்தக் குறையோடு பிறந்திருந்தாலோ, வலிப்புக்கு மாத்திரை எடுத்தாலோ, சர்க்கரை இருந்தாலோ உங்களுக்கு அந்தப் பெரிய அளவே தேவைப்படலாம். அதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கறி, மீன், முட்டை, பால் எதுவும் தொடாதவர்கள் பி12ஐச் சோதித்துக்கொள்ளுங்கள். பாதம் மரத்துப்போகிற வயதானவர்கள் பி12 பார்க்காமல் ஃபோலிக் மாத்திரையை மட்டும் விழுங்க வேண்டாம், அது இரத்தசோகையைச் சரிசெய்துவிட்டு நரம்புச் சேதத்தை மறைத்துவிடும். மாத்திரையை நிறுத்தியிருந்த நேரத்தில் கர்ப்பம் தரித்திருந்தால், பெரும்பாலான பிள்ளைகள் குறையில்லாமலே பிறக்கின்றன என்பதை மனதில் வையுங்கள். பதினெட்டாவது வாரத்திலிருந்து இருபதாவது வாரத்துக்குள் எடுக்க வேண்டிய ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் மாதம் மாத்திரை எடுக்கவில்லை என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.